தலைப்பைக் காட்டுங்க

— 'நேர்மை, கடின உழைப்பு, பொறுமை' வேண்டாங்க. அதாவது பாருங்க, இந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு வர்ற அத்தனை பேரும் இதே மூணைத்தான் சொல்றாங்க.

— எனக்கு மூணும் இருக்குய்யா. இல்லாததையா சொல்றேன்?

— இருக்கு. இல்லைன்னு நான் சொல்வேனா? ஆனா தலைப்புன்னா அது இல்ல. இந்த வேலை தேடற சைட்டுல உங்க பேருக்குக் கீழ ஒரே ஒரு வரி வரும். கடைக்காரங்க, கம்பெனிக்காரங்க முதல்ல பாக்கறது அதைத்தான். போட்டோ, பேரு, அந்த வரி. பிடிச்சிருந்தா உள்ள வந்து மிச்சத்தைப் படிப்பாங்க. இல்லேன்னா அடுத்த ஆளுக்குத் தள்ளிட்டுப் போயிடுவாங்க.

— இதை எனக்கே சொல்றியா மடிப்பு? இருபத்தஞ்சு வருஷம் எதைக் காட்டிப் புடவை வித்தேன்? தலைப்பைத்தானே! வர்றவங்க உக்காரக்கூட மாட்டாங்க, அதுக்குள்ள 'தலைப்பைக் காட்டுங்க'ம்பாங்க. புடவையோட உடலை எவ பிரிச்சுப் பாத்தா? தலைப்பை எடுத்துத் தோள்ல போட்டுக் கண்ணாடி முன்னால நிறுத்தினா பாதி வியாபாரம் முடிஞ்சுது.

— மடிப்பு... அந்தப் பேரைக் காதால கேட்டு எத்தனை காலமாச்சு. இந்த கம்ப்யூட்டர் சென்டர்ல நான் எல்லாருக்கும் அங்கிள். முதலாளிப் பையன்கூட அங்கிள்னுதான் கூப்பிடறான்.

— பேர் வச்சதே நான்தானே. நான் முன்னால பிரிச்சுப் போடுவேன், நீ பின்னால நின்னு மடிச்சுக்கிட்டே இருப்ப. வேற என்னன்னு கூப்பிடறது?

— உங்களுக்கும் ஒரு பேர் இருந்துச்சு.

— எனக்கா? என் காதுக்கு வரலையே.

— 'மூணாம் மாடி.' கீழ பில் போடற பசங்க எல்லாம் 'என்னப்பா, மூணாம் மாடி இன்னிக்கு லீவா?'ன்னு எங்கிட்டதான் கேப்பாங்க.

— ஏன் உங்கிட்ட?

— அது... பின்னால நிக்கறவன் நான்தானே. சரி, வேலையைப் பாப்போம். இதைக் கேளுங்க. 'முன்னாள் முதுநிலை விற்பனையாளர், புடவைப் பிரிவு.'

— 'முன்னாள்' எதுக்கு? சுவத்துல மாட்டின போட்டோ மாதிரி இருக்கு.

— கடையை மூடியாச்சே. இப்ப நீங்க எங்கயும் வேலையில இல்லையே.

— கடைதான் மூடிச்சு. என் வாய் மூடிச்சா, கை மூடிச்சா?

— சரி, சரி. முன்னாளை எடுத்துடறேன். இது எப்படி? 'ஜவுளிச் சில்லறை விற்பனை வல்லுநர், வாடிக்கையாளர் உறவு மேலாண்மை, குழுத் தலைமை.'

— யாருய்யா இவ? எனக்கே பயமா இருக்கு.

— இதெல்லாம் தேடுசொல்லுங்க. கம்ப்யூட்டர் இந்த மாதிரிச் சொல்லை வச்சுத்தான் ஆளைத் தேடும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?

— கம்ப்யூட்டரா வந்து புடவை கட்டப்போகுது?

— சிரிக்காதீங்க. உள்ளதைச் சொல்றேன். உங்க வயசுக்கு இந்த வரி சரியா அமையலைன்னா ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. பெரிய கடைகள்ல எல்லாம் இப்ப சின்னப் பொண்ணுங்களைத்தான் நிறுத்தறாங்க.

— தெரியாமலா வந்தேன்? இது கைகூடலைன்னா பெட்டியைக் கட்டிக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போகணும். ரெண்டே ரூம். மாப்பிள்ளை தங்கமான பையன்தான், குறை சொல்லக்கூடாது. ஆனா டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்கன்னு சொல்லக்கூட எனக்கு வாய் வராது. சோத்துக்குக் கவலை இல்ல. 'நீ சும்மா உக்காரும்மா'ம்பா. இத்தனை வருஷம் நின்னே பழகினவளுக்கு அதைவிடத் தண்டனை வேற இருக்காய்யா?

— நிஜமாவே உக்காந்ததே இல்லையே நாம. உக்காரக்கூடாதுன்னு சட்டம்.

— தூண்ல லேசா சாஞ்சாக்கூட சூப்பர்வைசர் வந்துடுவாரு. 'தூண் தானா நிக்கும்மா, நீங்க பிடிச்சுக்க வேண்டாம்.'

— அதே குரல்! அப்படியே அவரேதான்! மூக்கை உறிஞ்சிட்டுத்தான் சொல்வாரு.

— அந்தக் கட்டடத்துல இப்ப என்ன இருக்குன்னு பாத்தியா?

— இல்லீங்க. நான் அந்தப் பக்கம் போறதில்ல.

— மூணாம் மாடி முழுக்க ஜிம்மு. போன வாரம் எதிர்ப் பக்கம் நின்னு அண்ணாந்து பாத்தேன். நம்ம கவுண்ட்டர் இருந்த எடத்துல ஒருத்தன் மெஷின் மேல ஓடிக்கிட்டே இருக்கான். வேர்த்து ஊத்துது, ஓரடி நகரல.

— நாமளும் அப்படித்தானே இருந்தோம்.

— நமக்குச் சம்பளம் குடுத்தாங்கய்யா. அவன் காசு கட்டி ஓடறான்.

— காலையில புடவைக் கட்டை அவிழ்க்கும்போது ஒரு வாசம் வருமே, ஞாபகம் இருக்கா? புதுத்துணி வாசம். இப்பவும் ஏதாவது துணிக்கடை வாசலைத் தாண்டினா என் நடை தானா மெதுவாயிடும்.

— எனக்குக் காலைவிட சாயங்காலம்தான் ஞாபகம். ஒரு குடும்பம் வந்து மலை மாதிரி குவிக்க வச்சிட்டு, 'சரி, பாத்துட்டு வரோம்'னு எழுந்து போயிடும். ஒண்ணுகூட வாங்கியிருக்காது.

— அதுல கனமான புடவை எல்லாம் தனியா மடிக்க வராது. ரெண்டு முனை உங்க கையில, ரெண்டு முனை என் கையில. நீங்க அந்தக் கோடி, நான் இந்தக் கோடி. நடந்து வந்து முனையோட முனையைச் சேக்கணும்.

— சேத்துட்டுப் பின்னால போகணும்.

— மறுபடி வரணும்.

— அந்தக் கடையில ஆம்பளையும் பொம்பளையும் கிட்ட வர்றதுக்கு அனுமதி இருந்தது அந்த ஒரு வேலைக்குத்தான்.

— ம்.

— என்ன, டைப் அடிக்கற சத்தத்தையே காணோம்?

— அடிக்கறேன், அடிக்கறேன்.

— அப்பெல்லாம் நான் வேணும்னே ரெண்டு புடவையை அதிகமாப் பிரிச்சுப் போட்டிருக்கேன். இப்பச் சொன்னா என்ன, கேக்கறதுக்கு சூப்பர்வைசரா இருக்காரு?

— எனக்குத் தெரியுங்க.

— தெரியுமா?

— வாங்க மாட்டாங்கன்னு முகத்துலயே எழுதியிருக்கும். அவங்களுக்குப் போய் மேல்தட்டுலேர்ந்து எடுத்துக் காட்டுவீங்க. அது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?

— அடப்பாவி! தெரிஞ்சுமா கல்லு மாதிரி நின்ன?

— பேசக்கூடாதுன்னு சட்டமாச்சே.

— சட்டம் இருந்தா? நாம பேசாமலா இருந்தோம்? 'அரக்கு இருக்கா?'

— ஐயோ, அதை ஞாபகம் வச்சிருக்கீங்களா! 'சாப்டியா'ன்னு அர்த்தம்.

— சாப்பிட்டிருந்தா 'இருக்கு'ன்னுவ. இல்லேன்னா 'நாளைக்கு வரும்'னுவ. பக்கத்துல நிக்கறவங்களுக்கு ஏதோ சரக்கைப் பத்திப் பேசறோம்னு தோணும்.

— ஒரு நாள் ஒரு கல்யாணப் பொண்ணு வந்து நிஜமாவே அரக்கு கலர் புடவை கேட்டுச்சு. நான் பழக்கதோஷத்துல 'நாளைக்கு வரும்'னுட்டேன்.

— உன் பின்னால அலமாரி முழுக்க அரக்கு! சூப்பர்வைசர் அங்கயே நிக்கறாரு! அந்தப் பொண்ணோட அம்மா விரலை நீட்டி, 'அப்ப அது என்ன தம்பி, தக்காளியா?'ன்னாங்களே!

— காலையிலேர்ந்து பட்டினிங்க. அதான் உண்மை வாயில வந்துடுச்சு.

— இரு, கண்ணைத் துடைச்சுக்கறேன். சிரிச்சுச் சிரிச்சுத் தண்ணியா ஊத்துது.

— அடுத்த நாளே என்னைக் கீழ்த்தளத்துக்குத் தள்ளிட்டாங்க. துண்டு, போர்வை, தலையணை உறை.

— மாடி மாத்தினவன் மேல வரக்கூடாது. அதுவும் ஒரு சட்டம்.

— துண்டு மடிக்க ரெண்டு ஆள் வேண்டாங்க. ஒருத்தனே மடிச்சுடலாம்.

— கொஞ்ச நாள்ல வேலையையே விட்டுட்ட.

— கம்ப்யூட்டர் வகுப்புல சேந்துட்டேன். இனிமே எல்லாம் இதுதான்னு சொன்னாங்க.

— ஏன்யா, ஒரு கைக்குட்டை வாங்காதவங்ககூட 'பாத்துட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தான் போவாங்க. நீ அதுகூடச் சொல்லலையே. எனக்கு அது மனசுல கிடந்து ரொம்ப நாள் உறுத்துச்சு.

— சொல்லத்தான் வந்தேன். கடைசி நாள் லிப்ட்ல ஏறி நின்னேன். லிப்ட்காரர் 'உனக்கு மேல என்னப்பா வேலை?'ன்னுட்டாரு.

— படி இருந்துச்சே.

— இருந்துச்சு. அப்ப உங்களுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்கன்னு கடை முழுக்கப் பேச்சு. என் சம்பளத்துக்கு நான் என்னன்னு சொல்லிக்கிட்டு மேல வர்றது? காலு வரலைங்க.

— அவர் நல்ல மனுஷன். இருந்தவரைக்கும் தினம் கடை வாசல்ல வந்து நின்னு கூட்டிட்டுப் போனாரு. மழைன்னாலும் வருவாரு. போய்ச் சேந்தும் வருஷமாச்சு.

— கேள்விப்பட்டேன். வந்து பாக்கணும்னு நினைச்சேன்.

— நினைக்கறதுல நீ மன்னன்.

— அது சரிதான்.

— உனக்குக் கல்யாணம் ஆகலைன்னு பில் கவுண்ட்டர்ல இருந்தவரு சொன்னாரு. அவரை பஸ்ல பாத்ததாலதான் நீ இங்க உக்காந்திருக்கறதே தெரிஞ்சுது.

— ரெண்டு மூணு எடம் பாத்தாங்க. நான்தான் 'பாத்துட்டு வரேன்'னு எழுந்து வந்துட்டேன்.

— வாயைப் பாரு! இந்த வாய் அன்னிக்கு எங்கய்யா போச்சு? சரி, உன்னோடதைக் காட்டு.

— எதைங்க?

— உன் தலைப்பை. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் எழுதிக் குடுக்கறியே, உனக்கு என்ன எழுதி வச்சிருக்கேன்னு பாப்போம்.

— அது எதுக்கு இப்ப? உங்களோடதை முடிச்சுடலாம்.

— திருப்புய்யா திரையை. இது என்ன, போட்டோ இருக்கற எடத்துல சாம்பல் கலர்ல ஒரு மொட்டைத் தலை? பேரு இருக்கு. கீழ ஒண்ணுமே காணோம்!

— காலியா விட்டிருக்கேன்.

— ஊருக்குத்தான் உபதேசமா?

— மத்தவங்களுக்குன்னா கை தானா ஓடுதுங்க. எனக்குன்னு உக்காந்தா ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. முதலாளிப் பையன் 'ஆலோசகர்னு போட்டுக்கோங்க அங்கிள்'னான். மனசு ஒப்பல. நான் யாருக்கு என்ன ஆலோசனை சொன்னேன்? அவங்க சொல்றதை அழகா மடிச்சு அவங்க கையிலயே குடுக்கறேன். அவ்வளவுதான்.

— இந்த வேலை பிடிச்சிருக்கா?

— குறை ஒண்ணும் இல்லீங்க. ஏசி இருக்கு. உக்காந்த எடத்துல வேலை.

— நான் அதைக் கேக்கல.

— என்ன சொல்றது? சாயங்காலம் கிளம்பும்போது மேசையைப் பாத்தா ஒண்ணும் இருக்காதுங்க. காலையில எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும். அங்கன்னா கடை சாத்தும்போது ஒரு அலமாரி நெறைஞ்சிருக்கும். கரையோட கரை ஒட்டி, ஒரு நூல் வெளிய தெரியாம. நான் பாத்துட்டுத்தான் லைட்டை அணைப்பேன்.

— எனக்குத் தெரியும். நானும் படியோரமா நின்னு பாத்திருக்கேன்.

— அலமாரியையா?

— அலமாரியைன்னே வச்சுக்கோ. இன்னொண்ணு கேக்கறேன். ஒருத்தருக்கு வேலை தெரியுமா தெரியாதான்னு இந்த ஒரு வரியைப் பாத்துக் கண்டுபிடிச்சுட முடியுமா?

— எங்க முடியும்? பக்கத்துல நின்னு கையைப் பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

— அதைத்தான் நானும் நினைச்சேன்.

— சரி, இப்ப நீங்க எனக்குப் பதில் சொல்லுங்க. நான் எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விதான். மத்தவங்களால முடியாம, உங்களால மட்டும் முடிஞ்சது எது?

— அப்படி என்ன பெருசா? புடவை வித்தேன். எல்லாரும்தான் வித்தாங்க.

— எல்லாரும் உங்களை மாதிரி விக்கலைங்க. 'பாத்துட்டு வரோம்'னு கிளம்பினா மத்தப் பொண்ணுங்க எல்லாம் 'அக்கா, இதைப் பாருங்கக்கா, விலையில பாத்துக்கலாம்'னு வாசல் வரைக்கும் பின்னாலயே போவாங்க. நீங்க ஒரு நாளும் போனதில்ல. 'நிதானமாப் பாத்துட்டு வாங்க'ன்னு சிரிப்பீங்க.

— பிடிச்சு இழுத்தா புடவைதான் கிழியும்.

— அவங்க படி இறங்கறதுக்குள்ள எங்கிட்ட ஒரு புடவையைக் குடுத்து, 'இதைத் தனியா வை'ம்பீங்க. எதை அவங்க ரெண்டாவது தரம் தொட்டுப் பாத்தாங்களோ, அதை. நான் தலைப்பு வெளிய தெரியற மாதிரி மடிச்சு இடது பக்கம் வைப்பேன்.

— வாய் நூறு புடவை கேக்கும். விரல் ஒண்ணைத்தான் திரும்பத் தொடும்.

— நாலு கடை ஏறி இறங்கி, கால் வீங்கி, சாயங்காலம் வந்து நிப்பாங்க. நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்க. அதே புடவையை எடுத்து முன்னால வைப்பீங்க.

— அப்ப அவங்க முகத்தைப் பாக்கணுமே! 'எங்களை ஞாபகம் வச்சிருந்தீங்களா?'ம்பாங்க. ஒருத்தி அழுதேவிட்டா. நம்மளையும் ஒருத்தர் ஞாபகம் வச்சிருந்தாங்கன்னா யாருக்குத்தான்யா சந்தோஷமா இருக்காது?

— இருங்க, இருங்க, பேசாதீங்க. வந்துடுச்சு.

— என்ன வந்துச்சு?

— படிக்கறேன், கேளுங்க. 'புடவை விற்பனை. பாத்துட்டு வரேன்னு போனவங்க என்கிட்டதான் திரும்பி வருவாங்க.'

— இன்னொரு தரம் படி.

— 'புடவை விற்பனை. பாத்துட்டு வரேன்னு போனவங்க என்கிட்டதான் திரும்பி வருவாங்க.'

— இது நான்தான்யா. அந்த வல்லுநர் எவளோ. இது நான்தான்.

— தேடுசொல்லுக்காக அந்த 'வல்லுநர்' மட்டும் கடைசியில...

— விரலை ஒடிச்சுடுவேன்.

— சரிங்க, சேக்கலை. போட்டோ எடுத்துடலாம். அந்த வெள்ளைச் சுவரோரமா நாற்காலியைப் போட்டு உக்காருங்க.

— நின்னாத்தான் நான் நானா இருப்பேன்.

— அப்ப நில்லுங்க. இங்க பாருங்க. கொஞ்சம் சிரிங்க... எடுத்தாச்சு.

— காட்டு. அய்யய்ய, நரை எல்லாம் தெரியுது.

— தெரியுது. நல்லா இருக்கு.

— பொய் சொல்லாத.

— பொய் இல்லீங்க. நல்லா இருக்கீங்க.

— இதைச் சொல்ல இவ்வளவு வருஷம்! சரி, முடிஞ்சுதா?

— கடைசியா ஒண்ணே ஒண்ணு. போட்டோவைச் சுத்தி ஒரு வளையம் போடணும். பச்சை, ஊதான்னு ரெண்டு இருக்கு. உங்களுக்குப் பச்சை.

— ஊதா போடு.

— இது கலர் பாத்து எடுக்கறது இல்லீங்க. அதாவது பாருங்க, பச்சைன்னா 'வேலை தேடுகிறேன்'னு அர்த்தம். ஊதா முதலாளிங்க போட்டுக்கறது, 'ஆள் தேவை'ன்னு.

— அதான் சொல்றேன், ஊதாவைப் போடு.

— சொன்னாக் கேளுங்க. அதைப் போட்டா நாளைக்கு ஊர்ல உள்ளவன் எல்லாம் வேலை கேட்டு உங்க வாசல்ல வந்து நிப்பான்.

— ஊரே எதுக்கு, ஒருத்தர் போதும். கடைவீதியில ஒத்தை ஷட்டர் கடை ஒண்ணு எடுத்திருக்கேன், வர்ற வாரம் திறக்கறேன். நான் வேலை தேடி வந்தேன்னு உனக்கு யாருய்யா சொன்னது? ஆள் தேடில்ல வந்திருக்கேன்.